கீரியில் காற்றளந்த கம்பம்

"ஐயோ... அந்தக் கம்பியில துணி போடாதீங்க."

செலீனா ஈரச் சேலையோடு திரும்பினாள். "ஏன், கம்பி தேஞ்சுபோமோ?"

"இது காத்து அளக்குற கம்பத்தை இழுத்துக் கட்டுன கம்பி. துணி அடிச்சா கம்பமே ஆடுது... கணக்கு தப்பாப் போயிடும்."

ஓடிவந்து மூச்சு வாங்கியவன் லெட்சுமணன். மின்சாரக் கந்தோரில் வேலை பார்க்கும் ஆள். மலையகத்தில் இருந்து வந்து வவுனியாவில் குடியேறிய குடும்பம். சண்டை பிடிக்கத்தான் வந்தான், பாவம்... அவள் கண்ணைப் பார்த்ததும் வந்த விசயம் பாதி மறந்துபோயிற்று.

"கடலுக்குள்ள பெரிய காத்தாடி நட்டு கரண்ட் எடுக்கலாமான்னு பாக்குறோம்."

"கடலுக்குள்ள வலை போடவே நேவி விடுறானில்லை. உங்களைக் காத்தாடி நட விடுவானோ?"

அவன் சிரித்தான். செலீனாவும் சிரித்தாள்... சிரித்து எவ்வளவு காலம்! சமாதானம் முறிந்து திரும்பவும் யுத்தம் தொடங்கிய அந்த வருசம் அண்ணன் குடும்பத்தோடு படகேறி இந்தியா போய்விட்டான். அக்கம்பக்கத்து வீடெல்லாம் பூட்டு. கீரி என்ற அந்தக் கடலோர ஊரில் காற்றுக்குக் குறைவில்லை, கதைக்கத்தான் அம்மாவைத் தவிர ஆளில்லை.

பிறகென்ன, வெள்ளிக்கு வெள்ளி அவன் சைக்கிளில் வருவதும், இவள் பிளேன்ரீ ஆற்றிக் கொண்டுபோவதும்... தாய் லூர்தம்மா கண்டுவிட்டாள்.

"நாங்கள் கத்தோலிக்கர், அவன் சைவக்காரப் பெடியன். அதுவும் போற ஆள். ஊர் கதைக்கேக்க அவன் இஞ்சை இருக்கமாட்டான், நீதான் இருப்பாய்."

போற ஆள்... அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. அடுத்த வெள்ளி கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள். சைக்கிள் மணி வாசலில் அடித்தது, கொஞ்சம் பொறுத்து இன்னொருக்கா அடித்தது, போய்விட்டது. பெரிய வீம்புக்காரி! அன்று முழுக்க அழுததும் அவள்தான்.

மழை தொடங்கிய நாளில் கோயிலடியில் செய்தி கேட்டாள். சண்டையால் வவுனியாப் பாதையை ஆமிக்காரர் பூட்டப்போகிறார்களாம், கம்பத்தைக் கழற்றுகிறார்களாம். வீம்பு எங்கே போனதோ... நனைந்துகொண்டே கடற்கரைக்கு ஓடினாள். கம்பம் மணலில் கிடந்தது. அவன் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"சொல்லாமலே போகப் பாத்தீங்களோ?"

"கதவு பூட்டியிருந்துச்சே..."

அவன் தன் முகத்து மழையைத் துடைத்தான்.

"சுவாமியாரைப் போய்ப் பாத்தேன். ஞானஸ்நானம் எடுத்தா எனக்கும் கோயில்ல ஓலை வாசிப்பீங்களான்னு கேட்டேன்."

ஓலை! கல்யாணத்துக்கு முன்னம் மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளை பொம்பிளை பேரை ஊரறியச் சொல்லும் ஓலை...

"ஆரின்ரை பேரோட?" என்றாள்.

"உங்க பேரோடதான். முதல்ல பொண்ணைக் கேட்டியான்னார். இல்லைன்னேன்... ஏசி அனுப்பிட்டார்."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தன அவளுக்கு. "என்னைக் கேக்காமல் சுவாமியாரிட்டைப் போன ஆள் நீங்கள் ஒராள்தான்."

"இப்ப கேக்குறேன். என்னைக் கட்டிக்குவீங்களா?"

"பாதை பூட்டினால் எப்ப வருவீங்கள்?"

"தெரியாதுங்க..."

பொய் சொல்லத் தெரியாத மனுசன். அதுதானே அவளுக்குப் பிடித்தது.

"தனிய இருந்து எனக்குப் பழக்கம். ஆனா உங்களைக் கண்டாப்பிறகு... ஏலாமல் கிடக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அம்மாட்டை நான் சொல்லுறன். சுவாமியாரிட்டை இப்பவே வாங்கோ, ரெண்டு பேருமாப் போய்க் கேப்பம். நீங்கள் இல்லாத ஞாயிறிலயும் என்ரை பேருக்குப் பக்கத்தில உங்கடை பேர் கேக்கட்டும்."