சென்னம்மாள் விற்ற அலாய் வீல்கள்

பேளுக்குறிச்சி சந்தைத் திடலைத் தாண்டி, வாய்க்கால் ஓரமாகப் போகும் மண் ரோட்டின் கடைசியில் அந்த ஓட்டு வீடு இருந்தது. அர்த்தனாரி போய்ச் சேர்ந்தபோது பகல் இரண்டு மணி. வெளியே வெயில் கொளுத்தியது. ஆனாலும் வீட்டு ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. போனில் விளம்பரம் பார்த்து வந்தவன் அவன். நாலு அலாய் வீல், பதினைந்து இன்ச், ஒரே செட்டு.

கதவைத் திறந்தவளுக்கு நாற்பது வயது இருக்கும். பெயர் சென்னம்மாள். புருஷன் முருகானந்தம் கோழித் தீவன ஏஜெண்டாக இருந்து, எட்டு மாதம் முன்னால் இறந்துபோனவன். இதை அவள் போனிலேயே சொல்லியிருந்தாள்.

"பின்னால ஷெட்டுல இருக்குதுங்க. நீங்களே போய்ப் பாத்துக்குங்க தம்பி," என்றாள். ஷெட்டு வாசல் வரை வந்தவள் அதற்கு மேல் வரவில்லை.

உள்ளே கார் இல்லை. அதை எடைக்குப் போட்டுவிட்டாளாம். நாலு வீல்கள் மட்டும் சுவரோடு சாய்ந்து நின்றன. ஒவ்வொன்றையும் ஒரு பழைய சேலையால் சுற்றிக் கட்டியிருந்தது. அவன் முடிச்சை அவிழ்த்தான். கறுப்பு பெயிண்ட் அடித்த வீல். ஓரங்களில் கல் உரசிய சிராய்ப்பு. உருட்டிப் பார்த்தான், கோணல் இல்லை. சிராய்ப்பைத் தேய்த்து வேறு பெயிண்ட் அடித்தால் புதுசுபோல் ஆகிவிடும்.

அவள் சொன்ன விலையே குறைச்சல். அவன் இன்னும் குறைத்துக் கேட்க, மறுபேச்சில்லாமல் தலையாட்டினாள்.

"உங்க ஊட்டம்மா கூட வரலீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்லீங்க."

"நல்லதுங்க," என்றாள் சென்னம்மாள்.

கொல்லிமலையின் எழுபது வளைவுகளையும் ஏறி வாசலூர்பட்டிக்குத் திரும்பும்போது அவன் அதைப் பற்றி யோசிக்கவேயில்லை. அவன் மனசெல்லாம் சென்றாயனின் முகத்தில்தான் இருந்தது.

சென்றாயன் அவனுடைய சகலை. கோகிலாவின் அக்காவைக் கட்டியவன். இருவருமே படகுத்துறைக்கு வரும் ஜனங்களை அருவிக்கும் கோயிலுக்கும் கூட்டிப்போகும் கார்க்காரர்கள். போன தையில் சென்றாயன் புதுக் கார் எடுத்தான். வைரம் இழைத்ததுபோல மின்னும் அலாய் வீல்கள். அன்றிலிருந்து, இறங்கி வரும் கூட்டம் நேராக அந்தக் காரிடம்தான் போனது. அதைக்கூட அர்த்தனாரி பொறுத்துக்கொண்டான். படகுத்துறை வாசலில் அன்னாசிப்பழக் கடை வைத்திருந்த கோகிலா, ஒரு நாள் பழம் அறுத்துக்கொண்டே, "மாமா காரு வீலு எவ்வளவு அம்சமா இருக்குது பாருங்க" என்று சொன்னாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். அந்த ஒரு வார்த்தை அவனுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. சாப்பிடும்போது உறுத்தியது. படுக்கும்போதும் உறுத்தியது.

மறுநாள் காலை வீட்டுக்குப் பின்னால், மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே சாக்கை விரித்து வேலையைத் தொடங்கினான். பெயிண்ட் ரிமூவர் தடவிச் சுரண்டினான். தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்தான். கறுப்பு கரைந்து வழிய, அடியில் அலுமினியம் வெளுப்பாகத் தெரிந்தது. தேய்க்கத் தேய்க்க ஒரு வாசனை எழுந்தது. பெயிண்ட் வாசனை இல்லை.

ஜவ்வாது.

வீலைத் திருப்பி உள்பக்கத்தைத் தேய்த்தபோதுதான் எழுத்துகளைப் பார்த்தான். காரில் மாட்டியிருந்தால் பிரேக் பக்கமாகத் திரும்பி, யார் கண்ணிலும் படாத இடம். ஆணியால் கீறியிருந்தது.

'சென்னா எங்க போன'

மற்ற மூன்றையும் திருப்பிப் பார்த்தான். மூன்றிலும் அதேதான். கீறியவன் ஆத்திரத்தோடு அழுத்தியிருக்க வேண்டும், சில இடங்களில் நகம் நுழையும் அளவு பள்ளம். அர்த்தனாரி முரட்டுத் தாளை எடுத்து எழுத்துகள் மறையும்வரை தேய்த்தான். பள்ளத்தில் பட்டி வைத்து இழைத்தான். பிரைமர் அடித்துக் காயவிட்டான்.

மறுநாள் பிரைமர் நன்றாகக் காய்ந்திருந்தது. சாம்பல் நிறப் பரப்பின் மேல் அந்த மூன்று வார்த்தைகள், நேற்றுக் கீறியதுபோலக் கூர்மையாக இருந்தன.

இரண்டு தடவை தேய்த்துப் பார்த்தான். இரண்டு தடவையும் திரும்பி வந்தது. உள்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டான். முன்பக்கத்துக்கு வெள்ளி நிறம் அடித்து, மேலே லேக்கர் ஏற்றி, பாலிஷ் போட்டான். செம்மேட்டுக்குக் கொண்டுபோய் டயர் ஏற்றி மாட்டிக்கொண்டு வந்தபோது, அவனுடைய பழைய வெள்ளைக் கார் மாப்பிள்ளை மாதிரி நின்றது.

படகுத்துறையில் சென்றாயன் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். அவன் வாய் சிரித்தது, கண் சிரிக்கவில்லை. அர்த்தனாரிக்கு அது தேனாக இனித்தது.

"யாருகிட்ட அடிச்சீங்க சகலை? நம்ம வீலு இதுக்கிட்ட நிக்காது போலயே," என்று குனிந்து வீலைத் தொட்டவன் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான். "சுடுதே."

கார் காலையிலிருந்து அசையாமல் நிழலில்தான் நின்றிருந்தது.

அன்றிலிருந்து சவாரி அவனுக்கு வந்தது. காரில் ஏறியவர்கள், "என்ன சென்ட்டுங்க இது, ஜவ்வாதுங்களா?" என்று கேட்டார்கள். அவன் ஒன்றும் தெளிப்பதில்லை. சிரித்து வைத்தான்.

சத்தம் இரண்டாவது வாரம் தொடங்கியது. இரண்டாம் கியரில் வளைவு ஏறும்போது மட்டும் கேட்கும். முதலில் யாரோ சேலையைத் தரையில் இழுத்துக்கொண்டு போவதுபோல இருந்தது. பேரிங் போய்விட்டது என்று நினைத்து மாற்றினான். சத்தம் போகவில்லை. நாளாக ஆக அது தேய்ந்து, பிரிந்து, வார்த்தையாகியது.

எங்க போன.

எங்க போன.

எங்க போன.

முதல் தடவை கேட்டபோது காரை ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தான். பத்தாவது தடவை, அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

கோகிலா ஆறு மணிக்குக் கடையைக் கட்டுபவள். ஒரு நாள் ஆறரைக்கு வந்தாள். "எங்க போன?" என்றான். பால் வாங்கப் போனதாகச் சொன்னாள். அவள் உள்ளே போனதும் வாசலில் கிடந்த செருப்பை எடுத்து அடியில் ஒட்டியிருந்த மண்ணின் நிறத்தைப் பார்த்தான். பால்காரன் வீட்டுப் பக்கம் செம்மண். செருப்பில் இருந்தது கறுப்பு மண். ஏரிக்கரையிலும் கறுப்பு மண்தான். சென்றாயன் கார் நிறுத்தும் இடமும் ஏரிக்கரைதான்.

அவள் குளிக்கப் போனபோது போனைத் திறந்தான். அக்கா புருஷனிடமிருந்து நாலு அழைப்புகள். அக்கா மகளுக்கு அம்மை போட்டிருந்த வாரம் அது. அர்த்தனாரிக்குத் தெரியும். தெரிந்தும் அவன் நெஞ்சு எரிந்தது. கடையில் அவள் யாருக்குப் பழம் நீட்டினாலும், அவள் விரல் அவர்கள் விரலில் படுகிறதா என்றே பார்த்தான்.

"உங்களுக்கு என்னங்க ஆச்சு?" என்று அவள் ஒரு நாள் கேட்டாள். "இப்படிப் பாக்குறீங்க. பயமா இருக்குது."

"தப்பு பண்ணாதவளுக்கு என்ன பயம்?"

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவனுக்கே காதில் விழுந்தது. அவள் கத்தியைக் கழுவி வைத்தாள்.

ஆவணியில் கோகிலாவின் சித்தி மகனுக்குக் காளப்பநாயக்கன்பட்டியில் நிச்சயம். மதியம் இருவரும் காரில் கிளம்பினார்கள். பச்சைப் பட்டு உடுத்தியிருந்தாள் கோகிலா. சோளக்காட்டைத் தாண்டி வளைவுகளில் இறங்கத் தொடங்கியதும் மூடுபனி ஏறி வந்தது. மூன்று மணிப் பகல், முகப்பு விளக்கைப் போட்டும் பத்தடிக்கு அப்பால் வெறும் வெள்ளை. பாறையில் கசிந்த ஈரத்தின் வாசனை முதலில் வந்தது. பிறகு அதை மூடிக்கொண்டு ஜவ்வாது வந்தது.

கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியிருந்தன. சத்தம் வெளியிலிருந்து வரவில்லை.

எங்க போன.

கோகிலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "யாருங்க பேசுறது?"

அப்படியானால் அவளுக்கும் கேட்கிறது.

அர்த்தனாரி பதில் சொல்ல வாயைத் திறந்தான். அவன் வாயிலிருந்து வந்தது அவனுடைய குரல் இல்லை. கட்டையான, வயதான, கெஞ்சுவதும் மிரட்டுவதும் கலந்த குரல்.

"சென்னா. பட்டுச் சேலை கட்டிக்கிட்டு எங்க போன?"

அவன் கால் ஆக்சிலேட்டரை அழுத்திக்கொண்டிருந்தது. எடுக்க வேண்டும் என்று தெரிந்தது. கால் அவன் பேச்சைக் கேட்கவில்லை. கார் பனிக்குள் பாய்ந்தது. அடுத்த வளைவின் தடுப்புச் சுவர் மங்கலாகத் தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை.

கோகிலா அலறவில்லை. அவன் தோளில் ஒரு கையை வைத்தாள்.

"நான் கோகிலா," என்றாள் மெதுவாக. "உங்க பேரு அர்த்தனாரி. நாம நிச்சயத்துக்குப் போறோம்." சொல்லிக்கொண்டே மற்றக் கையால் ஹேண்ட்பிரேக்கை மேலே இழுத்தாள்.

கார் வழுக்கிச் சுழன்று, பக்கவாட்டில் சுவரை உரசி நின்றது. எஞ்சின் அணைந்தது. பனியில் எங்கோ ஒரு பறவை கத்தி ஓய்ந்தது. அர்த்தனாரி ஸ்டீயரிங்கில் தலை சாய்த்துக் குழந்தைபோல் அழுதான்.

எஞ்சின் அணைந்த பிறகும் நாலு வீல்களும் இருந்த இடத்திலேயே முனகிக்கொண்டிருந்தன.

மறுநாள் பழைய இரும்பு வீல்களை மாட்டிக்கொண்டு, அலாய் வீல்களைப் பின்னால் அடுக்கி, இருவரும் பேளுக்குறிச்சிக்குப் போனார்கள். அந்த வீட்டில் இப்போது எல்லா ஜன்னல்களும் திறந்திருந்தன. முற்றத்தில் மஞ்சள் சாமந்தி பூத்திருந்தது. சென்னம்மாள் சதை பிடித்து, ஐந்து வயது குறைந்தவளாகத் தெரிந்தாள். காரைப் பார்த்ததும் அவள் முகம் விழுந்துபோயிற்று.

"ஜவ்வாது வாசம் வந்துதுங்களா?" என்றாள்.

"தெரிஞ்சே குடுத்தீங்களா?" என்று கோகிலா கேட்டாள்.

"தெரிஞ்சுதாங்க குடுத்தேன்." அவள் தலை குனியவில்லை. "இருபது வருசம் அவரு கேட்ட கேள்வி அது ஒண்ணுதான் கண்ணு. தண்ணிக்குப் போனாலும் கேப்பாரு, கோயிலுக்குப் போனாலும் கேப்பாரு. என் பழைய சேலையைக் கிழிச்சு அந்த வீலைத் தொடச்சுக்கிட்டே கேப்பாரு. தொடச்சுக்கிட்டு இருக்கையிலதான் உசுரு போச்சு. அப்புறமும் ஷெட்டுல இருந்து கேட்டுக்கிட்டே இருந்தாரு. எட்டு மாசம் நான் தூங்கல. தம்பி எடுத்துட்டுப் போன அன்னிக்குத்தான் படுத்துத் தூங்குனேன்."

"எங்கூட்டுக்காரரு என்னைக் கொல்லப் பாத்தாருங்க."

சென்னம்மாள் காரின் பின்பக்கம் பார்த்தாள். "ஊட்டம்மா வரலீங்களான்னு கேட்டேன். இல்லைன்னாரு. கல்யாணம் ஆகாதவருன்னு நானே நெனச்சுக்கிட்டேன். அப்படி நெனச்சுக்கிட்டா குடுக்கச் சுலபமா இருந்துது." பிறகு கை கூப்பினாள். "திருப்பி மட்டும் குடுத்துராதீங்க சாமி."

கோகிலா அந்தத் திறந்த ஜன்னல்களைப் பார்த்தாள். காரில் போய் உட்கார்ந்தாள்.

சேலத்தில் அலுமினியம் உருக்கும் பட்டறை ஒன்றுக்குப் போய் வீல்களை இறக்கினார்கள். உடனே உருக்க வேண்டும், நாங்கள் பார்க்க வேண்டும் என்று அர்த்தனாரி கேட்டுக்கொண்டான். உலையில் ஒவ்வொன்றாக இளகிச் சரிந்தன. அவன் பார்த்துப் பார்த்து அடித்த வெள்ளிப் பூச்சு முதலில் கருகியது. கடைசி வீல் கரைந்தபோது பட்டறைக்காரர் மூக்கைச் சுளித்து, "என்னப்பா, கோயில் மாதிரி மணக்குது?" என்றார்.

மலை ஏறும்போது இரண்டாம் கியரில் எந்தச் சத்தமும் இல்லை. அர்த்தனாரி காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே ஓட்டினான்.

"எல்லாம் அவன் பண்ணுனதுதான் கோகிலா. நான் இல்லை," என்றான்.

"அவன் கேட்டது அந்த ஒரு கேள்விதான்," என்றாள் அவள். "செருப்ப எடுத்துப் பாத்தது, போனை நோண்டுனது, அது யாருங்க?"

அர்த்தனாரி கியரை மாற்றினான். அந்த நாளுக்குப் பிறகு, சென்றாயனின் காரைக் கடக்கும்போதெல்லாம் கண்ணை ரோட்டில் வைத்துப் பழகினான். கோகிலா எந்நேரம் வந்தாலும் கேட்பதில்லை. மெல்ல மெல்ல அவள் மறுபடி சிரிக்கத் தொடங்கினாள்.

ஐப்பசியில் ஒரு சந்தை நாள். மிளகு மூட்டையைக் கீழே கொண்டுபோக வேண்டியிருந்தது. மூட்டையைப் பின் சீட்டில் வைத்து, அது சரியாமல் பிடித்துக்கொள்ளக் கோகிலாவும் பின்னாலேயே உட்கார்ந்தாள். முன்பக்கம் காலி. காலை எட்டு மணி. நல்ல வெயில். இலைகளில் பனித்துளி மின்னிக்கொண்டிருந்தது.

கார் நகர்ந்ததும் டேஷ்போர்டில் மணி அடிக்கத் தொடங்கியது. டிங், டிங், டிங். சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அடிக்கும் மணி அது.

அர்த்தனாரி திரும்பிப் பார்த்தான். சீட்டில் யாரும் இல்லை. ஒரு துண்டுகூட இல்லை.

மணி நிற்கவில்லை.

பின்னால் கோகிலா மிளகு மூட்டையை இறுகப் பிடித்தாள்.

அவன் காரை ஓரமாக நிறுத்தினான். கையை நீட்டி, காலி சீட்டின் பெல்ட்டை இழுத்து, குறுக்காகக் கொண்டுவந்து மாட்டினான்.

மணி நின்றது.

பெல்ட் சீட்டின் மேல் படியவில்லை. ஒரு சாண் உயரத்தில், ஒரு மனிதனின் மார்பை அணைத்தபடி, விறைப்பாக நின்றது. மெல்ல எழுந்து, மெல்லத் தாழ்ந்தது.