உள்ளே ஒரு கண்ணாடித் தாள்

"அண்ணே... உங்களுக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்கா, இல்லையாண்ணே?"

பழங்காநத்தம் 'பாண்டிமீனா ஜெராக்ஸ்' கடைக்குள் இந்தக் கேள்வி வந்து விழுந்தபோது, வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆனி மாதத்து மழை. மதுரையில் ஒருத்தரும் குடையோடு கிளம்பியிருக்காத மழை. அதனால் கடைக்குள் ஒதுங்கி நின்ற ஏழெட்டுப் பேருக்கும் காசில்லாமல் ஒரு வேடிக்கை கிடைத்துவிட்டது.

கேட்டவள் பவதாரிணி. இருபத்திரண்டு வயது. முடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, பளபளவென்று மின்னும் ஒரு தாளை நீட்டிக்கொண்டு நின்றாள். அழுகை வந்தது உண்மைதான். ஆனால் அவள் பொது இடத்தில் அழுகிற ரகமில்லை... திட்டுகிற ரகம்.

மிஷினுக்குப் பின்னாலிருந்து கடைக்கார இளைஞன் நிமிர்ந்து பார்த்தான். அவசரமே இல்லாத கண்கள். திட்டு வாங்கும்போதுகூட எதிராளிக்கு நாற்காலி எடுத்துப் போடலாமா என்று யோசிக்கிற மாதிரி ஒரு பார்வை. இந்த நேரத்தில் போய் அதைக் கவனித்ததற்காக அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"அது வந்துங்க..."

"என்னண்ணே வந்து? இது என்ன பேப்பர்னு தெரியுமா? டிரான்ஸ்கிரிப்ட்! மூணு வருஷ மார்க்கும் ஒரே தாள்ல. பதினஞ்சு நாள் காத்திருந்து நேத்துதான் யுனிவர்சிட்டில வாங்குனேன். இதுக்குப் பின்னாடி சீல் வெச்சு, கவர்ல போட்டு ஒட்டி, ஜெர்மனிக்கு அனுப்பணும். அது போய்ச் சேர்ந்தாத்தான் அங்க இருந்து அட்மிஷன் லெட்டர் வரும். லெட்டர் இருந்தாத்தான் விசா. பிளாஸ்டிக் மேல யாருண்ணே சீல் வெப்பாங்க?"

"இல்லைங்க, ஒரு கத்திரிய எடுத்து..."

"கத்திரியா? லேமினேஷன் போட்டது பத்தாதுன்னு வெட்டி வேற போடணுமா? நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள கூரியர்ல விழலன்னா இந்த வருஷம் போச்சுண்ணே. அம்புட்டுத்தான்!"

"மாப்ள, இன்னிக்கு நீ சிக்குனடா," என்றார் மழைக்கு ஒதுங்கிய இளநீர்க்காரர்.

"நான் சொல்றத ஒரு நிமிஷம்..." என்று அவன் மூன்றாவது முறையாக ஆரம்பித்தான். அதற்குள் அவள் தாளைப் பைக்குள் திணித்து, மழையிலேயே ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டாள்.

நியாயமாகப் பார்த்தால் இந்தக் கோபம் அவள் அப்பாவுக்குப் போயிருக்க வேண்டும். "பத்திரமா வைங்கப்பா" என்று சொல்லித்தான் நேற்று அந்தத் தாளைக் கொடுத்தாள். டவுன் பஸ் டிரைவர் பீமாராவுக்குப் பத்திரம் என்றால் லேமினேஷன். ரேஷன் கார்டு, கரண்ட் கார்டு, கல்யாணப் பத்திரிகை... அந்த வீட்டில் பிளாஸ்டிக்குக்குள் போகாத காகிதம் கிடையாது. காலையில் டியூட்டிக்குக் கிளம்புமுன் கடைக்குப் போய் மகளின் தாளையும் பத்திரப்படுத்தி வந்து, அதைச் சந்தோஷமாக அவள் கையில் கொடுத்தார். அந்த முகத்தைப் பார்த்து அவளால் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாததையெல்லாம் சேர்த்துக் கடைக்காரன் தலையில் கொட்டிவிட்டாள்.

நாகமலை புதுக்கோட்டை வரும்போது மழை தூறலாகியிருந்தது. பல்கலைக்கழக ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பாண்டியம்மாள் மேடம், தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார்.

"ஏம்மா, படிச்ச பிள்ளைதான நீ? இது மேல எப்படி சீல் வெக்கிறது? புதுசா எழுதிக் குடு. பதினஞ்சு நாள் ஆகும்."

"மேடம், எனக்கு இருக்கிறதே ஒன்றரை நாள்தான்."

"நான் என்னம்மா செய்யட்டும்?"

பவதாரிணி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். உசிலம்பட்டிப் பக்கம் அவள் சித்தப்பாவின் தோட்டத்தில் நாலு இடத்தில் போர் போட்டு, நாலிலும் புகைதான் வந்தது. தண்ணி எங்கே இருக்கு, எங்கே இல்லை என்று படித்துத் தெரிந்துகொண்டே தீருவேன் என்று அன்றைக்கு முடிவு செய்தவள் அவள். அதற்காகத்தான் பி.எஸ்சி. புவியமைப்பியல். அதற்காகத்தான் ஜெர்மனி. இப்போது ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் எல்லாம் மாட்டிக்கொண்டு...

"தள்ளுங்க."

திரும்பினாள். அவன்! தலை முதல் கால் வரை நனைந்திருந்தான். சட்டையில் ஈரமில்லாத இடம் ஒரு பொட்டுகூட இல்லை. கையில் கடைக் கத்திரி.

"இங்க எதுக்கு வந்தீங்க?"

"திட்டு பாக்கி இருந்தா வாங்கிட்டுப் போலாம்னு... அந்தத் தாளக் குடுங்க மொதல்ல."

பதில் சொல்வதற்குள் தாள் அவன் கைக்குப் போய்விட்டது. ஓரத்தில் ஒரு விரல் அகலம் விட்டு, நேர்கோடாக வெட்டினான். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கிழிந்தது... எல்லாம் கிழிந்தது...

"கண்ணத் தொறங்க. ஒண்ணும் ஆகல."

பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து அவன் இரண்டு கண்ணாடித் தாள்களை உருவினான். அந்த இரண்டுக்கும் நடுவில் அவளுடைய டிரான்ஸ்கிரிப்ட், நேற்று வாங்கியபோது இருந்த அதே மொறுமொறுப்போடு, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இருந்தது.

"முன்ன ஒரு ஷீட்டு, பின்ன ஒரு ஷீட்டு வெச்சுப் போட்டேங்க. ஓரம் மட்டுந்தான் ஒட்டும், பேப்பர்ல பசை படாது. ஒரிஜினல்னு தெரிஞ்சா நான் இப்படித்தான் போடுவேன். என்னிக்காவது ஒருத்தன் சீல் வெக்கணும்னு சொல்லுவான்ல?"

பாண்டியம்மாள் மேடம் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "கெட்டிக்காரப் பயதான். குடும்மா இங்க."

டப்... டப்... என்று சீல் விழுந்தது. கவரின் ஒட்டிய வாயில் குறுக்கே மேடத்தின் கையெழுத்தும் விழுந்தது. பவதாரிணிக்கு மூச்சு திரும்பி வந்தது. இப்போது அவள் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. மன்னிச்சிருங்க. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் காலையில் ஏழெட்டுப் பேர் முன்னால் கத்திய வாய், இப்போது ஒருத்தன் முன்னால் இறங்கி வர மறுத்தது.

"மொதல்லயே சொல்ல வேண்டியதுதான?" என்றுதான் வெளியே வந்தது.

"சொல்ல விட்டீங்களா?"

கத்திரியைச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு நடந்துவிட்டான். திரும்பிப் பார்ப்பான் என்று நினைத்தாள். பார்க்கவில்லை. அது வேறு அவளுக்குக் கோபம்.

அன்றைக்குச் சாயங்காலமே கவர் கூரியரில் போனது. ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பாவே பேச்சை எடுத்தார்.

"அந்த ஜெராக்ஸ் கடைத் தம்பி இருக்கானே, வேணாம் சார், ஒரிஜினலு, வெளிநாட்டுக்குன்னா லேமினேஷன் ஆகாதுன்னு ரெண்டு வாட்டி சொன்னான்டா. நான்தான் கேக்கல. எம் பத்தாங்கிளாஸ் மார்க் சீட்ட செல்லுப் பூச்சி அரிச்சுப்போயி, ஒரு வருசம் வேலை கெடைக்காம நின்னேன். அது மாதிரி உனக்கு ஆகிறக் கூடாதுல்ல? எம் மூஞ்சியப் பாத்துட்டு, சரி சார்னு போட்டுக் குடுத்தான். நல்ல பய."

பவதாரிணி பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தாள். வேண்டாம் என்றேன், உங்கள் அப்பாதான் கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கடையிலேயே அவன் தப்பித்திருக்கலாம். அத்தனை பேர் முன்னால் அவள் அப்பாவை விட்டுக்கொடுக்காமல் திட்டு முழுவதையும் தானே வாங்கிக்கொண்டான். 'அறிவு இருக்கா இல்லையா' என்று அவள் கேட்டாளே... யாருக்கு இல்லை என்று இப்போது நன்றாகவே தெரிந்தது.

ஆனாலும் கடைப் பக்கம் போகக் கால் வரவில்லை. மூன்று வாரம் வேறு தெருவைச் சுற்றிக்கொண்டு போனாள். அட்மிஷன் லெட்டர் மின்னஞ்சலில் வந்த அன்று, இனி ஒளிய வழியில்லை என்று அவளே முடிவு செய்தாள். விசாவுக்கு பிரிண்ட் வேண்டும், நகல் வேண்டும், போட்டோ வேண்டும். மதுரையில் இதற்கெல்லாம் ஆயிரம் கடை இருக்கிறதே என்று மனசு சொன்னது. 'வாயை மூடு' என்றாள் மனசைப் பார்த்து.

"லெட்டர் வந்துருச்சு," என்றாள், கடை வாசலில் நின்று.

அவன் முகம் முழுக்க மலர்ந்தது. அடுத்த நொடியே அதை இழுத்து மூடிக்கொண்டான். "கலரா, பிளாக் அண்ட் ஒயிட்டாங்க?"

"மன்னிப்பு... அது எந்தக் கலர்லங்க கெடைக்கும்?"

பிரிண்டர் பக்கம் திரும்பி நின்றவனின் தோள் குலுங்கியது. சிரிக்கிறான்!

"அன்னிக்கு அஞ்சு வாட்டி அண்ணேன்னு கூப்பிட்டீங்க. இன்னிக்கு என்ன, 'ங்க' போட்டு வருது?"

"அத வாபஸ் வாங்கிட்டேன்."

"எத? திட்டினதயா?"

"அண்ணேங்கிறத."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்தது. காது சூடாகிவிட்டது. பேச்சை மாற்றக் கடைப் பலகையைக் காட்டினாள். "அது யாரு... பாண்டிமீனா?"

"எங்கம்மா. எம் பேரு தமிழ்மாறன்."

அப்பாடா, என்றது மனசு. "எம் பேரு..."

"பவதாரிணி. பொறந்தது சித்திரையில. மொத்தம் எம்பத்தொரு சதவீதம். மூணாவது செமஸ்டர்ல மட்டும் ஒரு பேப்பர்ல நாப்பத்திமூணு."

"அதெல்லாம் எதுக்குப் பாத்தீங்க?"

"ஒட்டுற தாள நேரா வெக்கணும்ல... பாக்காம எப்படி வெக்கிறது?"

போட்டோ எடுக்க உள்ளே ஸ்டூலில் உட்கார வைத்தான். வெள்ளைத் திரை. கேமராவுக்குப் பின்னால் அவன் கண்.

"காது தெரியணும். முடிய ஒதுக்குங்க... ம். சிரிக்கக் கூடாது. விசாவுக்குச் சிரிச்சா எடுத்துக்க மாட்டாங்க."

சிரிக்காதே என்றால் யாரால் முடியும்? அதுவும் அந்தக் கண் நேராகப் பார்க்கும்போது? முதல் படத்தில் சிரித்துவிட்டாள். இரண்டாவதிலும். ஆறாவது படத்தில்தான், அந்த நாற்பத்துமூன்று மார்க்கை நினைத்துக்கொண்டு, முகத்தை ஒரு வழியாக இறுக்கினாள்.

அதன் பிறகு வாரத்துக்கு மூன்று நாள் வந்தாள். ஒரு நகல் தேவைப்பட்டால் ஒரு நாள், அதையே இரண்டாக எடுக்க இன்னொரு நாள். அவனோ வர வர வார்த்தையைச் சுருக்கிக்கொண்டான். அவன் கைபேசி எண்ணை அவள் கேட்டபோது, "போர்டுலயே இருக்குங்க" என்றான். அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போய்ப் பாத்திரங்களை வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவினாள்.

புரட்டாசியில் விசா வந்தது. ஞாயிற்றுக்கிழமை விமானம். வெள்ளிக்கிழமை சாயங்காலம், மழை வருமா வராதா என்று வானம் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், கடைசியாக ஒரு முறை அந்தக் கடைப்படி ஏறினாள்.

"விசா வந்துருச்சு."

"நல்லதுங்க. நல்லபடியாப் போயிட்டு வாங்க." அவன் கண் பிரிண்டரிலேயே இருந்தது. "என்ன எடுக்கணும்?"

"மொதப் படம். நான் சிரிச்சேனே, அது. அழிச்சிட்டீங்களா?"

அவன் பிரிண்டரை விட்டுத் திரும்பினான். மேஜை இழுப்பறையைக் கொஞ்சமாகத் திறந்தான்... மூடினான்... பிறகு முழுதாகத் திறந்தான். உள்ளே ஒரு வெள்ளைக் கவர். கவருக்குள் அந்தப் படம், விசா அளவில் இல்லை... உள்ளங்கை அளவில், நன்றாக, அழகாக, பிரிண்ட் போட்டு வைத்திருந்தான்.

"எப்ப போட்டது இது?"

"அன்னிக்கே."

"அன்னிக்கே போட்டுட்டு, இத்தன நாளா எங்கிட்ட கலரா, பிளாக் அண்ட் ஒயிட்டான்னு கேட்டுக்கிட்டு இருந்தீங்க?"

"என்னங்க சொல்ல முடியும்?" முதல் முறையாக அவன் குரல் தடுமாறியது. "அம்புட்டுப் பாடுபட்டு அந்தத் தாள வாங்கிருக்கீங்க. நான் ஒரு டிப்ளமோ. இந்தக் கடை. நான் ஏதாவது சொல்லி, உங்க மனசு ஒரு நிமிஷம் இங்க நின்னுட்டாக்கூட... அது தப்புங்க. போற புள்ளைய நிறுத்துன பாவம் எனக்கு வேணாம். அதான் பிடிச்சிருக்குன்னு சொல்லல."

கடைசியில் சொல்லிவிட்டான்! சொல்லவில்லை என்று சொல்லியே சொல்லிவிட்டான். பவதாரிணிக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. இரண்டையும் அடக்க அவள் முயலவில்லை. இது விசா போட்டோ இல்லையே.

"யாரு நிக்கிறேன்னு சொன்னது? நான் போகத்தான் போறேன். ரெண்டு வருஷம் படிப்பேன். தண்ணி இருக்கிற எடத்தப் பாத்துச் சொல்ற ஆளாத் திரும்பி வருவேன். என்ன யாராலயும் நிறுத்த முடியாது, உங்களாலயும்தான். அதனால பயப்படாம இருங்க."

மேஜையிலிருந்த பேனாவை எடுத்து, படத்தின் பின்னால் எழுதினாள். 'போயிட்டு வாரேன், மாறன். உங்களத்தான் பிடிச்சிருக்கு. பவதாரிணி.' எழுதி, தேதி போட்டு, அவன் முன்னால் நீட்டினாள். அவன் படித்தான். இரண்டு முறை படித்தான். அவசரமே இல்லாத அந்தக் கண்கள் இப்போது நிறைந்து நின்றன.

"உங்க வீட்ல..."

"நல்ல பயன்னு எங்கப்பா எப்பவோ சொல்லிட்டாரு. மிச்சத்த நான் பேசிக்கிறேன். மொதல்ல இத லேமினேஷன் போடுங்க."

அவன் மிஷினைப் போட்டான். சிவப்பு விளக்கு பச்சையாகும் வரை காத்திருந்தார்கள். வெளியே, யோசித்தது போதும் என்று மழை இறங்கியது. படத்தை உறைக்குள் நேராக வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் அவன் கை கண்ணாடித் தாளைத் தேடிப் போனது.

அவள் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இதுக்கு அது வேணாம்."

"அது இல்லாமப் போட்டா அப்புறம் பிரிக்கவே முடியாதுங்க."

"தெரியும்," என்றாள் பவதாரிணி. "போடுங்க."