பெயின்ட் அடித்த சுமைதாங்கி

அட, இந்தக் கூத்தைக் கேளுங்கள்! இலத்தூர் ரோட்டோரம் நின்ற பழைய சுமைதாங்கிக் கல்லுக்கு சில்வர் பெயின்ட் அடித்துவிட்டார்கள்!

"எப்படிட்டீ இருக்கு?" என்று பெருமையாகக் கேட்டார் குத்தாலிங்கம் மாமா. ஊர்க்குழுவுக்கு அவர்தான் தலைவர்.

பள்ளிக்கூடப் பையோடு நின்ற சத்யபிரியாவுக்கு அழுகை முட்டியது. "மாமா, கல்லுல இருந்த எழுத்து எங்க?"

"எழுத்தா? குழிகுழியா கெடக்கேன்னு பட்டி பூசி அடைச்சுட்டேன்லா!"

வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணுக்காக வைக்கிற கல் அது. தலைச்சுமையோடு வருகிறவர்கள் அதன்மேல் இறக்கி வைத்து இளைப்பாறுவார்கள். போன ஆடியில் சத்யபிரியாவின் அம்மாவும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தாள், பிறக்காத தம்பியோடு. அன்றிலிருந்து இந்தக் கல்தான் அவளுக்குத் துணை.

கல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பழைய சின்னங்களைக் காக்கும் அரசு நிதிக்கு ஊர்க்குழு மனுப் போட்டிருந்தது. நிதி வராவிட்டால், ரோட்டை அகலப்படுத்தும்போது கல்லைப் பிடுங்கி எறிந்துவிடுவார்கள்.

சாரலில் நனைந்துகொண்டே அதிகாரி இராமலட்சுமி வந்தார். கல்லைச் சுற்றிப் பார்த்தவரின் முகம் சுண்டிப்போயிற்று.

"எழுத்து இருக்குன்னு மனுவுல போட்டிருக்கீங்க. ஒண்ணையும் காணோமே? ஆதாரம் இல்லாம நிதிக்கு நான் எப்படிங்க எழுதுறது?"

"பாக்க லெட்சணமா இருக்கட்டுமேன்னுதான் மேடம்..." மாமா பெயின்ட் அப்பிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

சத்யபிரியா பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். முன்பொரு நாள் கல்மேல் தாளை வைத்து, பென்சிலால் தேய்த்திருந்தாள். கறுப்புக்கு நடுவே எழுத்துகள் வெள்ளையாகத் தெரிந்தன. 'பேச்சியம்மாள் ஞாபகமாக வைத்த சுமைதாங்கி.'

"இது போதும்மா! பட்டியைப் பக்குவமா எடுக்க ஆளும் அனுப்புறேன்" என்றார் அதிகாரி. பிறகு கண்ணைச் சுருக்கினார். "கீழே யோகலட்சுமின்னு இருக்கே, அதுவும் கல்லுல இருந்ததா?"

"இல்ல மேடம். அது எங்கம்மா. அவளுக்குக் கல்லு இல்ல. அதான் நானே எழுதுனேன்."

மாமா கண்ணைத் துடைத்தார். கையிலிருந்த பெயின்ட் மூஞ்சியெல்லாம் அப்பிக்கொண்டது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

தை மாதம் நிதி வந்தது. கல் நிமிர்ந்தது. பேச்சியம்மாளின் பெயரும் பழையபடி தெரிந்தது.

பள்ளிவிட்டு வந்த சத்யபிரியா, எக்கி நின்று புத்தகப்பையைக் கல்மேல் வைத்தாள்.

"என்னட்டீ, இறக்கி வச்சுட்டியா?" என்றார் மாமா.

"கொஞ்ச நேரத்துக்கு, மாமா."