நிறம் மாறாத தட்டு

திங்கள் காலை எட்டரை. வாவிக்கரை ஆய்வுகூடத்தைத் திறந்த றொசானி திகைத்து நின்றாள். உறைபெட்டியில் இருக்கவேண்டிய மருந்துக் குழாய்கள் எல்லாம் மூடி திறந்து மேசையில் கிடந்தன. மருந்து உருகிக் கெட்டுப்போயிருந்தது. புற்றுக்கட்டியை வளரச்சொல்லும் மரபணுவின் வாயை அடைக்கும் மருந்து அது. அன்றுதான் முதற்சோதனை தொடங்கவிருந்தது.

பூட்டு உடைபடவில்லை. சாவி இரண்டே பேரிடம்: உதவியாளர் றொசானி, ஆய்வுத் தலைவர் டொக்டர் சில்வெஸ்டர். தன் ஆய்வைத் தானே கெடுப்பவன் உண்டா? மிச்சம் றொசானிதான் என்று எல்லாரும் கணக்கை முடித்துவிட்டார்கள். வேலை போனால் வேறு தேடலாம். போன பேரை இந்தச் சின்ன ஊரில் எங்கே தேடுவது?

இன்ஸ்பெக்டர் மர்சூக் காத்தான்குடிக்காரர். அவசரப்படாதவர்.

"நேற்று எங்க இருந்தீங்க தங்கச்சி?"

"மரித்தோர் திருநாள், சேமக்காலைக்குப் போன நான். எங்கட ஆக்களுக்கு மெழுகுதிரி கொளுத்திப்போட்டு எமிலி மிஸ்ஸுக்கும் ஒண்டு கொளுத்தினன். அவட கல்லறை இருட்டாக் கிடந்த."

"எமிலி?"

"எங்கட டொக்டர் சேர்ட மனிசி. போன வருசம் புற்றுநோயில மோசம் போனவ."

மர்சூக் அங்கிருந்த ஆய்வுத் தட்டுகளைப் பார்த்தார். நோயாளிகளின் கட்டிகளிலிருந்து எடுத்த உயிர்க்கலங்கள் அவற்றில் வளர்ந்தன; மருந்தை முதலில் சோதிக்கவிருந்தது இவற்றில்தான். எல்லாவற்றிலும் நீர் மஞ்சள். ஒன்றில் மட்டும் றோசா.

"புதுச் சாப்பாட்டு நீர் றோசா நிறம். கலம் பெருகப் பெருக மஞ்சளாகும்," என்றாள் றொசானி. "வெள்ளிக்கிழமை எல்லாத்துக்கும் ஒண்டாத்தான் மாத்தினன்."

"அது மெதுவா வளருற கலம்," அருகில் நின்ற சில்வெஸ்டர் முந்திக்கொண்டார்.

மர்சூக் நுண்காட்டியில் தட்டுகளை மாறிமாறிப் பார்த்தார். றோசாத் தட்டில்தான் நெரிசல் அதிகம்.

"மெதுவா வளர்ந்தா இவ்வளவு நெரிசல் ஏன் டொக்டர்? நேற்று ஆரோ நீரை மாத்தியிருக்காங்க. கட்டியை அடக்குற மருந்தைக் கெடுத்த ஆள் ஒரு கட்டிக்கு மட்டும் சாப்பாடும் குடுத்திருக்கார். தட்டில பேர் இல்ல, இலக்கம்தான். ஆருட கலம் எண்டு உங்களுக்கு மட்டும்தான் தெரியும். மரித்தோர் திருநாளில மனிசிட கல்லறைக்குப் போகாம எங்க போனீங்க?"

சில்வெஸ்டர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வீட்ட ஒருத்தரும் இல்ல. இஞ்ச வந்தா அவ உயிரோட இருக்கா."

றொசானிக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். அழுகைதான் வந்தது.

"அது மிஸ் இல்ல சேர். மிஸ்ஸைத் திண்ட நோய்."

"தெரியும் பிள்ள," என்றார் அவர். "எனக்கு அதுதான் மிச்சம்."