பம்பரில் ஆறு சென்ரிமீற்றர்

மகேந்திரராஜாவிடம் கடிதத்தோடு வருகிறவர்கள் எல்லாரும் கடைசியில் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். காரில் சின்னதாக ஒரு தட்டு. இதை இன்சூரன்ஸுக்குச் சொல்ல வேண்டுமா, விட்டுவிடலாமா? முப்பது வருடம் இன்சூரன்ஸ் கம்பனிக்காக இடிபட்ட கார்களைச் சுற்றி வந்து அறிக்கை எழுதியவர் அவர். ஓய்வுபெற்று ஆறு வருடமாகியும் செவன் ஹில்ஸ் புறநகர்த் தமிழர்கள் அவருக்கு ஓய்வு கொடுத்தபாடில்லை. சொல்லுங்கள் என்பதுதான் எல்லாருக்கும் அவருடைய பதில். பாதிப் பேருக்கு அது பிடிக்காது. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, வேறு யாரையாவது கேட்கப் போய்விடுவார்கள்.

அந்த ஞாயிறு பின்னேரம் யோகராணி வந்தபோதும் அவர் அதே பதிலைத் தயாராக வைத்திருந்தார். பக்கத்து வீட்டு லக்ஷ்மிப்ரியா ஏற்கெனவே நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்திருந்தாள். கோயம்புத்தூர்க்காரி. மென்பொருள்களில் பிழை தேடும் வேலை போய் எட்டு மாதமாகிவிட்டதால், இப்போது ஊரார் வண்டிகளில் பிழை தேடிக்கொண்டிருந்தாள். அவருக்குக் கண் சத்திரசிகிச்சை முடிந்ததிலிருந்து எங்கே போவதென்றாலும் அவள்தான் கார் ஓட்டினாள். துப்பறிவதில் அவளுக்கு இருந்த உற்சாகத்தில் கால்வாசி தனக்கு இருந்தாலே போதும் என்று அவர் நினைப்பதுண்டு.

யோகராணிக்கு ஐம்பத்தெட்டு வயது. கணவர் அரியரத்தினம் இறந்த பிறகு, முதியோர் இல்லம் ஒன்றில் மறதி நோயாளர்களைப் பார்க்கும் பிரிவில் இரவு வேலை செய்கிறாள். ஒன்பது நாளைக்கு முன்னால் வந்த கடிதத்தை அவள் மேசையில் வைத்தாள். இன்னொருவருடைய இன்சூரன்ஸ் கம்பனி அனுப்பியது. மூன்று வாரத்துக்கு முந்திய செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு இருபதுக்கு, கடைத்தொகுதியின் கார் தரிப்பிடத்தில் நிறுத்தியிருந்த சிவப்புக் கார் ஒன்றின் முன்மூலையில் அவளுடைய வெள்ளைக் கார் ரிவர்ஸில் வந்து இடித்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. பார்த்த யாரோ இலக்கத்தை எழுதிக் கண்ணாடியில் செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஓட்டியவர் ஆணா பெண்ணா என்று அதில் இல்லை.

"அண்ணை, இடிச்சது எனக்கு ஞாபகம் இல்லை," என்றாள் யோகராணி. "அந்த இடத்துக்குப் போனதே ஞாபகம் இல்லை."

மகேந்திரராஜா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். அந்த நாளை முழுவதுமாகச் சொல்லும்படி கேட்டார்.

அவள் சொன்னாள். காலையில் வேலை முடித்து வந்திருக்கிறாள். குளித்து, சமைத்து, கணவர் படத்துக்குப் படைத்து, மத்தியானம் ஒரு நேரச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறாள். எழும்பியது ஐந்து மணிக்கு. இரவு திரும்பவும் வேலை. அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். ஆனால் கடிதம் வந்ததும் மகன் அனுஷனிடம் கேட்டபோது, மீன் வாங்கிக்கொண்டு வாறன் என்று சொல்லிவிட்டு அம்மாதானே காரை எடுத்துக்கொண்டு போனீர்கள், மறந்துவிட்டீர்களா என்று கேட்டிருக்கிறான். அவன் செவ்வாயில் வீட்டிலிருந்து வேலை செய்கிறவன். பொய் சொல்ல அவனுக்கு என்ன தேவை? வேகமாக ஓட்டி அவனுடைய லைசென்ஸைப் பறித்து இரண்டு மாதமாகிறது. மற்ற நாள்களில் அவனை ரயிலடியில் இறக்கிவிடுவதே அவள்தான்.

"படிவத்திலை முதல் கேள்வி, ஆர் ஓடினது எண்டு. ரெண்டாவது, எப்பிடி நடந்தது எண்டு. அதுக்கு நான் என்னத்தை எழுத? ஒவ்வொரு இரவும் நான் பாக்கிற சனம் இப்பிடித்தான் அண்ணை துவங்கினது. எனக்கும் துவங்கிட்டுது."

கைப்பையில் இன்னொரு கடிதமும் இருந்தது. வேலையை விடுகிறேன் என்று அவளே எழுதியது. நோயாளருக்கு மருந்து கொடுக்கிற கை மறக்கிற கையாக இருக்கக் கூடாது, நாளைக்குக் கொடுக்கப் போகிறேன் என்றாள். மகேந்திரராஜா பல வருடங்களாக இப்படி ஒருவருக்காக மனம் வருந்தியதில்லை. எழுந்து அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

வெள்ளைக் காரின் பின் பம்பரில், இடது மூலையில் உள்ளே நெளிந்த ஒரு சொட்டையும் குறுக்காக ஒரு கீறலும் இருந்தன. அதைத் தரையிலிருந்து அளந்தார். ஐம்பத்திரண்டு சென்ரிமீற்றர். கடிதத்தோடு வந்த படத்தில், சிவப்புக் காருக்குப் பக்கத்தில் அளவுகோலைத் தரையில் ஊன்றி நிறுத்தியிருந்தார்கள். அதில் கீறல் நாற்பத்தாறில் இருந்தது.

லக்ஷ்மிப்ரியாவுக்கு முகமெல்லாம் வெளிச்சமாகிவிட்டது. "ஆறு சென்டிமீட்டர் வித்தியாசம் அங்கிள். அப்ப இடிச்சது இந்தக் காரே இல்ல. அவங்க யாரையோ பார்த்துட்டு இவங்க தலையில கட்டுறாங்க."

அப்படி இருந்தால் எவ்வளவு நல்லது என்று அவரும் நினைத்தார். ஆனால் சொட்டைக்குள்ளே சிவப்புப் பெயின்ற் ஒட்டிக்கொண்டிருந்தது. நீளமும் வளைவும்கூடப் படத்தோடு ஒத்துப்போயின. இடித்தது இதே கார்தான். அவர் டிக்கியைத் திறந்து அதன் விளிம்பில் உட்கார்ந்தார். லக்ஷ்மிப்ரியாவையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். தெருவில் நாயோடு போன ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். யோகராணி குனிந்து நாடாவைப் பிடித்து நாற்பத்தேழு என்றாள்.

"அண்டைக்கு டிக்கியிலை நூறு, நூற்றைம்பது கிலோ பாரம் இருந்து, பின்பக்கம் பதிஞ்சிருக்கு," என்றார் அவர். "தங்கச்சி, நீங்கள் எவ்வளவு தூக்குவீங்கள்?"

ஐந்து கிலோ அரிசிப் பைக்கு மேல் தொடுவதில்லை என்றாள் யோகராணி. போன வருடம் ஒரு நோயாளியைத் தூக்கப் போய் முதுகெலும்பு விலகியதிலிருந்து டொக்டர் தடுத்திருக்கிறார். மகேந்திரராஜா டிக்கியின் கம்பளத்தை விரலால் தடவினார். வெள்ளைத் தூள் ஒட்டியது. மூலையில் நகமளவு ஓட்டுத்துண்டு ஒன்று கிடந்தது, ஒரு பக்கம் பளபளப்பாக. அவர் அதை லக்ஷ்மிப்ரியாவின் கையில் வைத்தார். தரைக்குப் பதிக்கிற டைல்.

"எங்கட வீட்டிலை வாடகைக்கு இருக்கிற சுஜீதன் டைல் வேலைதான்," என்றாள் யோகராணி. "ஆனா அவருக்குச் சொந்தமா வான் இருக்கு."

அவளுடைய வீடு நாலு தெரு தள்ளித்தான். அவள் முன்னால் போக, இவர்கள் பின்னால் போனார்கள். வழியெல்லாம் லக்ஷ்மிப்ரியா பேசிக்கொண்டே வந்தாள். சுஜீதன் இன்னும் தற்காலிக விசாவில் இருக்கிறவன், சின்னப் பிரச்சினை என்றாலும் அது விசாவில் போய் நிற்குமோ என்ற பயம், இடித்ததும் ஓடிவிட்டான், மகனுக்கு லைசென்ஸே இல்லை, அம்மாவால் பாரம் தூக்க முடியாது, மிச்சம் ஒரே ஆள்தான். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. நிரந்தர விசா இல்லாதவன் மேல் பழி போடுவது எவ்வளவு சுலபம் என்று மகேந்திரராஜா நினைத்தார். அவருக்கு வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது.

யோகராணி வீட்டில் முதலில் குசினிக்குப் போய்த் தண்ணீர் கேட்டார். குளிர்சாதனப் பெட்டியின் பக்கத்தில் கோயில் கலண்டர் தொங்கியது. அந்தச் செவ்வாய்க்கிழமையைத் தேடினார். அதைச் சுற்றி யோகராணி நீலப் பேனாவால் வட்டம் போட்டிருந்தாள். சாப்பாட்டு மேசையில் இருந்த சுஜீதனிடம், இந்த வீட்டில் நீரும் சாப்பிடுகிறனீரா என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டார். அக்காதான் தினமும் கட்டித் தருவார் என்றான் அவன். பிறகு எல்லாரையும் ஹோலில் வந்து உட்காரச் சொன்னார். அனுஷன் தன் அறையிலிருந்து கடைசியாக வந்தான். இருபத்தாறு வயது, கையில் போன்.

மகேந்திரராஜா அளவையும் பாரத்தையும் டைல் துண்டையும் சுருக்கமாகச் சொன்னார். லக்ஷ்மிப்ரியா சுஜீதனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தலை குனிந்திருந்தான்.

"பாரத்தை வைச்சுப் பாத்தா சுஜீதன் எண்டுதான் தோன்றும். ஆனா ஒரு பொய் இருக்கு," என்றார் அவர். "தங்கச்சி, அண்டைக்கு நீங்கள் ஏன் ஒரு நேரம் சாப்பிட்டனீங்கள்? ஏன் படைச்சனீங்கள்?"

"அமாவாசை அண்ணை. அவர் போனதிலயிருந்து விரதம் பிடிக்கிறனான்."

"காலமை அமாவாசை எண்டு ஞாபகம் வைச்சு, அவருக்குப் படைச்சு, விரதச் சாப்பாடு சாப்பிட்ட மனிசி, ரெண்டு மணித்தியாலத்தாலை எழும்பி மீன் வாங்கப் போறாவோ? வாங்கியிருந்தா அந்த மீன் எங்கை? ஆர் காய்ச்சினது, ஆர் திண்டது? நீங்கள் மீனை மறக்கேல்லை. அப்பிடி ஒரு மீனே இல்லை."

யோகராணி மகன் பக்கம் திரும்பினாள். அந்த மீனையும் தன் மறதிக் கணக்கில் எழுதி வைத்துக்கொண்டுதான் அவள் ஒன்பது நாளும் அழுதிருக்கிறாள்.

"இந்தப் பொய்யைச் சொன்ன ஆளுக்கு அண்டைக்கு அமாவாசை எண்டு தெரியாது," என்றார் மகேந்திரராஜா. "சுஜீதனுக்குத் தெரியும். அண்டைக்கு அவருக்குக் கட்டிக் குடுத்ததும் சைவச் சாப்பாடுதான். இனி ஒரு கேள்விதான் மிச்சம். சுஜீதன், அண்டைக்கு உமக்கு டைல் எப்பிடி வந்தது?"

சுஜீதன் அனுஷனைப் பார்த்தான், பிறகு யோகராணியை. வான் அன்றைக்குத் திருத்த வேலைக்காகக் கராஜில் நின்றது, வேலைத்தலத்தில் ஆட்கள் காத்திருந்தார்கள், தம்பி அனுஷனிடம் போனில் உதவி கேட்டேன், அவர்தான் அந்தக் கடைத்தொகுதியிலுள்ள கடையில் ஆறு பெட்டி டைல் ஏற்றி வந்து இறக்கினார் என்றான். லைசென்ஸ் பறிபோனது தனக்குத் தெரியாது என்றான். இடித்ததும் தெரியாது. யாரும் தன்னைக் கேட்கவில்லை, அக்கா எதற்கு அழுகிறார் என்றும் யாரும் சொல்லவில்லை.

லக்ஷ்மிப்ரியா நோட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"பானிக் ஆயிட்டன், ஓகே?" என்றான் அனுஷன். "லைசென்ஸ் இல்லாம ஓடினது எண்டு தெரிஞ்சா கோர்ட், வேலையும் போயிடும். அம்மா கேட்டவ, வாயிலை வந்ததைச் சொன்னன். ஜஸ்ட் எ ஸ்க்ராட்ச். அம்மா இவ்வளவு யோசிப்பா எண்டு எனக்குத் தெரியாது."

"தெரியும்," என்றாள் யோகராணி. "முந்தநாள் குசினியிலை நிண்டு டிசம்பரிலயிருந்து ஜனவரிக்கு மாசத்தைத் திருப்பிச் சொல்லிப் பாத்தனான். நீ இந்தக் கதிரையிலை இருந்து சாப்பிட்டுக்கொண்டு, என்ன செய்யிறீங்கள் எண்டு கேட்டனீ. மூளை போகுதோ எண்டு பாக்கிறன் எண்டு சொன்னனான். ஓம் எண்டிட்டுச் சாப்பிட்டனீ."

யோகராணி மகேந்திரராஜாவிடம் திரும்பி, அப்படியென்றால் எனக்கு ஒன்றுமில்லையா என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றார் அவர். அவள் நெஞ்சில் கை வைத்துப் பெரிதாக மூச்சு விட்டாள். கண்ணைத் துடைத்தாள். பத்து வயது குறைந்தவள்போல எழுந்து போய் மேசையில் கிடந்த படிவத்தையும் பேனாவையும் எடுத்து வந்தாள்.

"அண்ணை, நான்தான் ஓடினது எண்டு எழுதுவம். இப்ப நான் தெரிஞ்சுதானே எழுதுறன். அவன்ர வாழ்க்கை போயிடும்."

மகேந்திரராஜாவுக்கு அலுப்பாக இருந்தது. இப்படி எத்தனை பேரைப் பார்த்துவிட்டார். பிள்ளைக்காகக் கையெழுத்துப் போட்ட தகப்பன்மார், புருசனுக்காகப் பொய் சொன்ன பெண்கள். அது பொய், என் கையால் எழுத மாட்டேன் என்றார். நீங்களே எழுதினால் உங்கள் கையைப் பிடிக்க முடியாது என்றும் சொன்னார். சொல்லிவிட்டு அனுஷனைப் பார்த்தார். லக்ஷ்மிப்ரியா பார்த்தாள். சுஜீதன்கூட நிமிர்ந்து பார்த்தான். யோகராணி பேனாவின் மூடியைக் கழற்றி, கீழே வைக்காமல், மகனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேண்டாம் அம்மா என்ற ஒரு சொல்லுக்காகத்தான் எல்லாரும் காத்திருந்தார்கள்.

அனுஷன் தரையைப் பார்த்தான். பிறகு சின்னக் குரலில், "தாங்க்ஸ் அம்மா," என்றான்.

யோகராணி பேனாவை மூடினாள். கடிதத்தை எடுத்து, தன்னுடைய இன்சூரன்ஸ் கம்பனியின் இலக்கத்தைப் போனில் தேடி அழுத்தினாள். நெடுநேரம் இசை ஓடியது. அனுஷன் இரண்டு தரம் அம்மா என்று கூப்பிட்டான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். மறுமுனையில் ஒரு பெண் வந்ததும், வேலைத்தலத்தில் பேசுகிற நிதானமான ஆங்கிலத்தில், மூன்று வாரத்துக்கு முன்னால் நடந்த ஒரு சின்ன விபத்தை இப்போதுதான் அறிந்தேன், அதைச் சொல்ல எடுத்தேன் என்றாள். நாளைச் சொன்னாள், நேரத்தைச் சொன்னாள், இடத்தைச் சொன்னாள். கார் ஓட்டியது யார் என்று அந்தப் பெண் கேட்டாள்.

என் மகன் என்றாள் யோகராணி. பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார்கள். அவனைப் பார்த்தபடி, ஒவ்வொரு எழுத்தாக, அவசரப்படாமல் சொன்னாள்.