வெள்ளிக்கிழமைக் கறி

கறி ஆகாத தவக்காலத்து வெள்ளிக்கிழமை காலையில் முத்துச்சாமி ஒரு பை ஆட்டுக்கறியைக் கொண்டுவந்து அடுப்பு மேடையில் வைத்தார்.

கோயிலுக்குச் சிலுவைப் பாதை செபத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த செபாஸ்தியம்மாள் பையைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"என்னய்யா இது!"

"ஞாயித்துக்கிழமைல்ல... பூசை முடிஞ்சு வந்து கொழம்பு வையி."

அவள் அவர் முகத்துக்கு நேரே போய் நின்றாள்.

"ஊதுய்யா."

ஊதினார். பல்பொடி வாசம்தான் வந்தது. அதற்கும் அவளுக்குக் கோபம் வந்தது.

கல்யாணமான நாளிலிருந்து அந்த ஆள் சொன்ன ஒரே சாக்கு 'மறந்துட்டேன்'. அரிசி வாங்க மறந்துட்டேன். பிள்ளைக்குப் பீஸ் கட்ட மறந்துட்டேன். எல்லாம் சாராயக் கடைக்குப் போயிருக்கும். கேட்டால் அடி. அவள்தான் நூல் மில்லில் ராத்திரி ஷிப்டு பார்த்து மகள் அறிவுச்செல்வியைக் காந்திகிராமத்தில் பட்டம் வாங்க வைத்தாள். தியாகம் என்று சொந்தக்காரர்கள் புகழ்ந்தார்கள். தியாகமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அவளுக்கு வேறு வழி இல்லை, அவ்வளவுதான்.

மகள் பட்டம் வாங்கிய அன்று அவர் குடியை விட்டார். அவள் ஊதச் சொல்வதை விடவில்லை.

"ஏப்பா, அம்மாவ இன்னும் எம்புட்டுத்தான் வதைப்பீங்க?" அறிவுச்செல்வி தலையில் துண்டோடு வந்தாள். "கெழமை தெரியாதா ஒங்களுக்கு?"

"பொங்கலப்பவே சொன்னேன்லத்தா... மண்டைக்குள்ள என்னமோ நழுவுதுன்னு. ஆசுபத்திரிக்குப் போவோம்னு கூப்பிட்டேன்..."

"ஆமா, ஒக்காந்து திங்க இது ஒரு நோவு!" என்றாள் செபாஸ்தியம்மாள்.

முத்துச்சாமி போய் மாட்டுக்கொட்டகைப் பக்கம் உட்கார்ந்துகொண்டார்.

அப்போதுதான் கறிக்கடை நைனா முகமது வண்டியை நிறுத்தினான். கையில் அவருடைய துண்டு.

"அக்கா, அண்ணன் இத விட்டுட்டு வந்துட்டாரு. ஒங்களுக்கு நோன்பு காலமாச்சே, வெள்ளிக்கெழமை கறியான்னு கேட்டேன். ஞாயித்துக்கெழமைடான்னு சண்டைக்கு வந்துட்டாரு." அவன் குரலைத் தாழ்த்தினான். "பைய வாங்கிட்டு ரோட்டுலயே நின்னாரு. 'நைனா, எந்தப் பக்கம் போகணும்'னாரு. வெளாட்டுன்னு சிரிச்சுட்டேன்க்கா. பாத்தா கண்ணு கலங்கி நிக்கிறாரு. பெறகு அவரா சுதாரிச்சுக்கிட்டுப் போயிட்டாரு..."

செபாஸ்தியம்மாள் துண்டை வாங்கினாள்.

அவளுக்கு வடமதுரை ஞாபகத்துக்கு வந்தது. அவர் குடியை விட்ட பிறகு அங்கே ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, டீ குடிக்கப் போன மனுசன் அவளைப் பஸ் ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டுத் தனியாக வீடு வந்து சேர்ந்தார். வந்ததும் ஊதச் சொன்னாள். அன்றைக்கும் வாயில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் கன்னத்தில் அறைந்தாள்... பழைய அடிக்கெல்லாம் சேர்த்து.

அன்று சிலுவைப் பாதைக்கு அவள் போகவில்லை. மகளையும் கூட்டிக்கொண்டு அவரோடு ஆசுபத்திரிக்குப் போனாள்.

ஆசுபத்திரியில் டாக்டரம்மா கேட்ட கேள்விக்கெல்லாம் முத்துச்சாமி பதில் சொன்னார். வருசம், மாசம், திருப்பிச் சொல்லச் சொன்ன வார்த்தைகள் எல்லாமே சரி.

"அப்ப ஒண்ணுமில்லையா டாக்டர்?" என்றாள் அறிவுச்செல்வி.

"அப்படிச் சொல்லிர முடியாதும்மா. டெஸ்ட்ல தெரியறதுக்கு முன்னாடியே சிலருக்கு உள்ளுக்குள்ள தெரிஞ்சுரும். எல்லாருக்கும் அது பெரிய மறதி நோயா மாறாது. ஆனா அவரே வாய்விட்டுச் சொல்றப்ப அலட்சியம் பண்ணக் கூடாது. ரத்தம், ஸ்கேன் பாப்போம், கொஞ்ச மாசம் கழிச்சுத் திரும்பவும் பாப்போம்." டாக்டரம்மா செபாஸ்தியம்மாள் பக்கம் திரும்பினார். "கூடவே இருக்கறவங்க நீங்க. என்ன கவனிச்சீங்க?"

முத்துச்சாமி தலை குனிந்துகொண்டார்.

"அவகிட்டக் கேக்காதீக. நம்ப மாட்டா. நான் பொய் சொல்லியே பழகுனவன்."

அவர் செய்த ஒவ்வொரு பாவத்தையும் ஊரெல்லாம் சொன்ன வாய் செபாஸ்தியம்மாளுடையது. இன்றைக்கு அவருக்காக ஒன்று சொல்ல வேண்டும்.

"அவரு பொய் சொல்லல டாக்டரம்மா..." வடமதுரையைச் சொன்னாள். அறைந்ததையும் சொன்னாள். "எனக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சு. நம்பிட்டா, யாரு மேல கோவப்படுறது? அதான் நம்பல..."

அறிவுச்செல்வி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"சரி, அழுகாதீங்க. ஐயா, வாயத் தெறங்க, நாக்கப் பாப்போம்."

முத்துச்சாமி டாக்டரைப் பார்க்கவில்லை. மனைவி பக்கம் திரும்பி, கண்ணை மூடிக்கொண்டு அவள் முகத்தில் ஊதினார்.

"ஐயோ, வேணாம்யா!" செபாஸ்தியம்மாள் அவர் வாயைப் பொத்தி, தலையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "இனிமே ஊத வேணாம்... ஊதவே வேணாம்!"

"கறி வீணாப் போயிருமே செபாஸ்தி..." என்றார் அவர், அழுகைக்கு நடுவே.

"ஃபிரிட்ஜுல வச்சுட்டுத்தான்யா வந்தேன். ஞாயித்துக்கெழமை கொழம்பு வச்சுத் தாரேன். என்ன கெழமைங்கறத நான் சொல்றேன்... நீ கேளு, எத்தன தடவ வேணாலும் கேளு."