நஞ்சுண்டசாமி வீட்டு மழைமானி

வெள்ளிக்கிழமை, காலை 5.50.

கேட்டைத் திறந்துகொண்டு வீட்டு வேலைக்கு வந்த அஞ்சலை, வாசல் கூட்டத் துடைப்பத்தை எடுத்தவள், அதை அப்படியே போட்டுவிட்டாள். வீட்டுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவிலுள்ள சந்தில் நஞ்சுண்டசாமி குப்புறக் கிடந்தார். பனியன், கட்டம் போட்ட லுங்கி, ஒரு காலில் மட்டும் செருப்பு. தலைக்கடியில் ரத்தம் உறைந்துபோயிருந்தது.

அண்ணாந்து பார்த்தாள். நேர் மேலே மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவர் ஆறடி நீளத்துக்கு இல்லை. விரிசல் விட்டிருந்த அதை முந்தாநாள் இடித்தவன் அவள் புருஷன் காளியப்பன். சோறு போட்ட மனுஷன் போய்விட்டாரே என்று அழுவதா, இது தன் வீட்டுக்காரன் தலையில்தானே விடியும் என்று அழுவதா? இரண்டுக்கும் சேர்த்தே அழுதாள்.

காலை 6.40.

எஸ்.ஐ. சொர்ணலதா ஜீப்பிலிருந்து இறங்கினாள். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரி. வீட்டில் தமிழ், ஸ்டேஷனில் கன்னடம், கோபம் வந்தால் இரண்டும். காய்கறிக்காரர் தராசில் எடைக்கல் வைத்தால் அந்தக் கல்லையும் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்பாள், அப்படி ஒரு சந்தேகப் பிராணி. கேட்டுக்கு முன்னால் பெரிதாக ஒரு ரங்கோலி, மூலையில் மட்டும் ஸ்கூட்டர் சக்கரம் இழுத்த தடம். மிதிக்க மனசில்லாமல் ஓரமாகச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

இன்ஸ்பெக்டருக்கு அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மொட்டைமாடித் தரை முழுக்க ஈரம். சுவர் இருந்த இடத்தில் ஒரு தாம்புக்கயிறு, அதுவும் ஒரு முனை அவிழ்ந்து தொங்கியது. மாடி நடுவே ஒரு கம்பத்தில் வெள்ளைப் புனல் ஒன்று நின்றது. கிழவருக்கு மழை அளப்பதில் பைத்தியம் என்று தெருவுக்கே தெரியும். மழை விட்டதும் ஓடிப்போய்ப் புனலில் இலை கிலை அடைத்திருக்கிறதா என்று பார்க்காவிட்டால் அவருக்குக் காப்பி இறங்காது. அப்படி வந்தவர் வழுக்கி விழுந்தார். சுவரைத் திறந்துபோட்டுப் போன கொத்தனாரைப் பிடித்தால் கேஸ் முடிந்தது. காளியப்பன் வியாழன் சாயங்காலமே கொள்ளேகால் பக்கமுள்ள தன் ஊருக்கு பஸ் ஏறிவிட்டான் என்றதும், கொள்ளேகால் போலீசுக்கு போன் பறந்தது.

“விடிகாலையில மழை பெஞ்சுதா சார்?” என்று சொர்ணலதா கேட்டாள். அவள் வீடு நாலு கிலோமீட்டர் தள்ளி. அங்கே ஒரு சொட்டு இல்லை.

இந்த ஊர் மழையை நம்பிக் குடை எடுத்தவரும் கெட்டார், எடுக்காதவரும் கெட்டார் என்று சிரித்துவிட்டு, இன்ஸ்பெக்டர் ஹாலில் இருந்த லேப்டாப்பைக் காட்டினார்.

காலை 7.30.

லேப்டாப் முன்னால் நின்றவன் சுரேந்தர், நஞ்சுண்டசாமியின் அக்கா மகன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. நேற்று இரவு வந்து உள்ளறையில் படுத்தவன், அஞ்சலை கதறிய பிறகுதான் எழுந்தானாம். பிள்ளையில்லாத மாமாவின் வீடு இனி அவனுக்குத்தான். சொர்ணலதா அதை மனசில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள்.

அழுது வீங்கிய முகத்தோடு அவன் விளக்கினான். புனலுக்குள்ளே சீசா பலகை மாதிரி இரண்டு குட்டிக் கிண்ணம். ஒன்று நிறைந்ததும் சாய்ந்து கொட்டும், மற்றது மேலே வரும். எத்தனை தடவை சாய்ந்தது என்பதைக் கருவி எண்ணி, கம்பியில்லாமல் ஹாலில் உள்ள பெட்டிக்கு அனுப்பும். பெட்டியின் திரை போன மாதம் செத்துவிட்டது. ஆனால் உள்ளே நினைவு இருக்கிறது. அதனால் மாமாவுக்காக இவன் ஸ்கிரிப்ட் என்கிற குட்டி புரோகிராம் ஒன்று எழுதிக் கொடுத்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அது பெட்டியைக் கேட்டு, மழை எவ்வளவு என்று லேப்டாப்பில் ஒரு வரி எழுதிவைக்கும். லேப்டாப்புக்குப் பாஸ்வேர்டு கிடையாது. மாமா மறந்துவிடுவார். மூடியின் மேல் இவன் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: ‘ஒரு சாய்வு = 0.2 மி.மீ.’

சொர்ணலதா வரிகளை நகர்த்திப் பார்த்தாள். போன வார மழைகள்: 0.4, 1.0, 0.6, 0.2. இன்றைக்கு விடிகாலை: 5.05க்கு 1.3, 5.10க்கு 2.5, 5.15க்கு 3.8, 5.20க்கு 5.1. பிறகு எல்லாம் சுழி. மொத்தம் 12.7 மி.மீ. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். எண்களில் ஏதோ ஒன்று பல்லிடுக்கில் பாக்குத் தூள் மாதிரி உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை.

லேப்டாப் பக்கத்தில் ஒரு ஃபைல். திங்கட்கிழமை மாமா இதைத்தான் மாநகராட்சி விசாரணையில் கொடுப்பதாக இருந்தார் என்றான் சுரேந்தர். போன மாதம் தெருவில் வெள்ளம் புகுந்தது. பின்னாலுள்ள மழைநீர்க் கால்வாயை மூடிக் கட்டியதால்தான் என்று நாலு வீடுகள் மேல் புகார். வானம் பொத்துக்கொண்டு நாலு அங்குலம் கொட்டியது, நாங்கள் என்ன செய்ய என்பது அவர்கள் வாதம். மாமாவின் வரிகளோ அன்றைக்குப் பெய்தது 22.4 மி.மீ., ஓர் அங்குலம்கூட இல்லை என்றன.

காலை 9.00.

பக்கத்து வீட்டு பசவராஜ் தாமாகவே வந்தார். தினமும் காலையில் நஞ்சுண்டசாமியோடு காப்பி குடிக்கிற சிநேகிதர். முப்பது வருஷம் குடகில் காப்பி எஸ்டேட்டை நிர்வகித்தவர், அங்கே வேலைக்கு வந்தவர்களிடம் கற்ற தமிழை இன்னும் மறக்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தேன், மழை பெய்ததா இல்லையா என்றே தெரியாது என்றார். முழங்கால் வலி, மாடிப்படி ஏறி இரண்டு வருஷமாகிறது என்றும் சொன்னார். அப்புறம் மழையளக்கும் சிநேகிதரை நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நாங்க எஸ்டேட்ல கண்ணாடிக் குடுவையில அளப்போம்மா. பங்குனியில நூறு சென்ட் விழுந்தாத்தான் காப்பி பூக்கும். இந்த ஊசிமழைக்கெல்லாம் இவ்ளோ பெரிய மிஷினா, சுவாமின்னு கேலி பண்ணுவேன்.”

சென்ட் என்றால் என்ன என்று கேட்டாள். ஓர் அங்குலத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட் என்று பெருமையாகவே விளக்கினார்.

காலை 11.30, ஸ்டேஷன்.

ஊருக்குப் போகும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டுக் கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டிலேயே ராத்திரி தங்கி, காலையில் மகளுக்கு வளையல் வாங்கிக்கொண்டு நின்ற காளியப்பனைக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள். மேஜை மேல் அவன் பையிலிருந்த சாமான்கள்: கரணை, தூக்குக்குண்டு, இரும்பு டேப், வளையல் பொட்டலம். வாசலில் அஞ்சலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். அஜாக்கிரதையால் மரணம் என்று வழக்குப் பதிந்தால் அவன் உள்ளே போவான். வெளியே வந்தாலும், ஆள் விழுந்து செத்த கொத்தனாரை எந்த மேஸ்திரி கூப்பிடுவான்?

“கயிறு ரெண்டு முனையும் இறுக்கிக் கட்டிட்டுத்தானுங்க போனேன். மாதேஸ்வரன் மேல சத்தியமுங்க.”

“மாடி ஏன் ஈரமா இருந்துச்சு?”

“புதுசா கலவை போட்டிருக்குதுங்க. சுத்தியும் சின்னதா வரப்பு கட்டித் தண்ணி நிறுத்தியிருக்கறனுங்க. இல்லாட்டி வெடிச்சுப்போயிருமுங்க.”

சொர்ணலதாவுக்குச் சுரீர் என்றது. ஈரத்துக்கு மழை வேண்டியதில்லை. வாசலுக்குப் போய் அஞ்சலையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: அந்த ரங்கோலி எப்போது போட்டது? நேற்றுக் காலையில் போட்டது, இன்றைக்குக் கூட்டுவதற்குள்தான் ஐயாவைப் பார்த்துவிட்டேன் என்றாள் அஞ்சலை.

கேட்டுக்கு மேலே கூரை கிடையாது. இருபது நிமிஷம் அடித்துப் பெய்திருந்தால் அந்தப் பொடி சாக்கடையில் இருந்திருக்கும். அவளோ சக்கரத் தடம் முதற்கொண்டு பார்த்துவிட்டு, மிதிக்காமல் சுற்றிப் போயிருக்கிறாள். அட மடச்சி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பகல் 12.15.

சுரேந்தரை மறுபடியும் லேப்டாப் முன்னால் உட்கார வைத்தாள். பெட்டிக்கு நினைவு இருக்கிறது என்றாயே, அதிலிருந்து இன்றைய காலையை மறுபடியும் எடுக்க முடியுமா? முடியும் என்றான். ஸ்கிரிப்டில் தேதியை மாற்றி, வேறு பெயரில் எழுதச் சொல்லி ஓட்டினான். வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. 5.05 சுழி. 5.10 சுழி. 5.15, 5.20, எல்லாம் சுழி.

அவன் முகம் வெளிறியது. மழையே பெய்யவில்லை. யாரோ லேப்டாப்பில் சுழிகளை அழித்துவிட்டு மழையைத் தட்டச்சு செய்திருக்கிறார்கள்.

இன்ஸ்பெக்டர் அவன் தோளில் கை வைத்தார். ஸ்கிரிப்ட் எழுதியவன் இவன், இரவு வீட்டில் இருந்தவன் இவன், வீடும் இவனுக்கு. இதற்கு மேல் என்ன வேண்டும்?

“இவன் இல்ல சார்” என்றாள் சொர்ணலதா. காலையில் உறுத்தியது எது என்று இப்போது தெரிந்துவிட்டது. ஒரு சாய்வுக்கு 0.2. இரண்டு சாய்ந்தால் 0.4, மூன்று என்றால் 0.6. இந்தக் கருவி சாகும்வரை எண்ணினாலும் 1.3 காட்டாது, 2.5 காட்டாது. மூடியில் சீட்டு ஒட்டியவனுக்கு அது தெரியாதா? மழையைப் பொய்யாக எழுதியவனுக்குக் கிண்ணம் சாய்வது தெரியாது. ஆனால் மழை அளக்கத் தெரியும்.

சீட்டை ஒட்டியவனே வேண்டுமென்று தப்பாக எழுதியிருக்கலாமே என்றார் இன்ஸ்பெக்டர். அதுவும் சரிதான். அவள் நோட்டை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள்.

பகல் 1.20, ஸ்டேஷன்.

1.3, 2.5, 3.8, 5.1. நோட்டை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மனம் போன போக்கில் விட்டால் கண்டபடிதானே எண்கள் விழும்? இதில் ஒவ்வொரு படியும் ஏறக்குறைய ஒரே உயரமாக இருக்கிறதே. மொத்தம் 12.7. கை சும்மா இராமல் மேஜையில் கிடந்த காளியப்பனின் டேப்பை இழுத்தது. மேல்வரிசையில் அங்குலம், கீழ்வரிசையில் மில்லிமீட்டர். 12.7 எங்கே வருகிறது என்று விரலை வைத்தாள்.

விரலுக்கு நேர் மேலே அரை அங்குலக் கோடு.

பகல் 2.00.

பசவராஜ் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். எஸ்.ஐ. கூப்பிட்டதும் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார். சொர்ணலதா காப்பி வரவழைத்தாள். மழையைப் பற்றி ரிப்போர்ட் எழுத வேண்டும், எனக்கு இந்தக் கணக்கெல்லாம் வராது, நீங்கள்தான் உதவ வேண்டும் என்று பேப்பரும் பேனாவும் நகர்த்தினாள்.

“அஞ்சு, பத்து, பதினஞ்சு, இருபது சென்ட். மில்லிமீட்டர்ல எழுதிக் குடுங்க சார்.”

முப்பது வருஷப் பழக்கம். யோசிக்கவே இல்லை அவர். 1.3 என்று எழுதினார். 2.5 என்று எழுதினார். 3.8 எழுதி முடித்ததும் பேனா நின்றுவிட்டது.

சொர்ணலதா தன் நோட்டைத் திறந்து அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். மேலேயிருந்து மூன்று எண்ணும் அப்படியே பொருந்தின.

“நாலாவதை நான் சொல்லட்டுங்களா சார்? அஞ்சு புள்ளி ஒண்ணு. மொத்தம் அம்பது சென்ட், அரை அங்குலம். மூடி மேல ஒட்டியிருந்த சீட்டைத் தினமும் பாத்திருக்கீங்க, படிச்சதில்ல.”

கால்வாயை மூடிக் கட்டிய நாலு வீட்டில் ஒன்று உங்களுடையது என்பதை இப்போதுதான் விசாரித்தேன் என்றாள். அவர் காலில் இருந்த தோல் செருப்பைக் கழற்றச் சொன்னாள். அடிப்பக்கத்துத் தையலில் சாம்பல் நிறத்தில் கலவை காய்ந்திருந்தது. இரண்டு வருஷமாக மாடி ஏறாத முழங்கால் அது.

அவர் காப்பியைத் தள்ளிவைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். திங்கட்கிழமை அந்த ஃபைலைக் கொடுக்காதே என்று கெஞ்சத்தான் விடியும் முன்னே போனாராம். பின்கட்டு இடிபடும், மருமகளின் அறை அங்கேதான். நஞ்சுண்டசாமி அவரை மாடிக்குக் கூட்டிப்போய், மூடின கால்வாயை நீயே பார் என்று கயிற்றை அவிழ்த்துவிட்டு எட்டிக் காட்டினார். நம் தெருவில் பெய்ததை நான் எப்படிக் குறைத்தோ கூட்டியோ எழுதுவேன் என்றார். அந்த வார்த்தைதான் பொறுக்கவில்லை. ஒரே ஒரு தள்ளு. பிறகு, மழை விட்டதும் புனலைப் பார்க்கப் போய் வழுக்கியதாக இருக்கட்டும் என்று ஹாலுக்கு வந்து, சிநேகிதர் தினமும் திறந்து காட்டும் அதே பக்கத்தில், மழையைப் பெய்ய வைத்தார்.

“கொத்தனார் ஜெயிலுக்குப் போவானேன்னு தோணலையா உங்களுக்கு?”

“எந்தக் கொத்தனார்?” என்றார் பசவராஜ். அவனை அவர் ஒரு பேச்சுக்குக்கூட நினைத்துப் பார்த்திருக்கவில்லை. அதுதான் சொர்ணலதாவுக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

மாலை 4.30.

காளியப்பன் தன் சாமான்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தான். டேப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, இதுதான் உன்னைக் காப்பாற்றியது என்று சொர்ணலதா 12.7ஐக் காட்டினாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கீழ்வரிசையைத் தான் பார்த்ததே இல்லை, தனக்கு அடியும் அங்குலமும்தான் என்று அவன் வெட்கப்பட்டான். வளையல் பொட்டலத்தை அஞ்சலை வாங்கி, உடைந்திருக்கிறதா என்று பிரித்துப் பார்த்தாள். உடையவில்லை.

ஊருக்குப் போக பஸ் இருக்கிறதா என்று சொர்ணலதா கேட்டாள். அவன் போவதாக இல்லை.

“காத்தால இருந்து யாரும் தண்ணி காட்டலீங்க. ஐயா வூட்டு மாடி வெடிச்சுப்போயிருமுங்க. அந்தச் சுவரையும் எழுப்பிட்டுத்தானுங்க போவணும்.”

மாலை ஆறு மணிக்கு லேப்டாப்பில் ஒரு வரி விழுந்தது: 0.2. சுரேந்தர் பதறிப்போய்ச் சொர்ணலதாவுக்கு போன் செய்தான். அவள் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தாள். ஒரு மேகம் இல்லை.

“மாடியில காளியப்பன் தண்ணி ஊத்திட்டிருப்பார், புனல்ல தெறிச்சிருக்கும்” என்றாள். “அந்த வரியை அழிக்காத. அப்படியே இருக்கட்டும்.”